முன்கூட்டிய சேர்க்கை: கையெழுத்துக்கு முன் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ‘எர்லி டிசிஷன்’ முறையில் விண்ணப்பிக்கும் நம் மாணவர்கள் பலர், அதன் நிபந்தனையை முழுமையாக அறியாமலேயே கையெழுத்திடுகிறார்கள். நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்து டிசம்பர் நடுவில் முடிவைப் பெறும் இம்முறையில், இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்று அங்கேயே சேர வேண்டும். உதவித்தொகை போதாவிட்டால் விலகலாம் என்றாலும், வேறிடத்தில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. வசதி படைத்தவர்களுக்கே இது சாதகம் என்று சொல்லித்தான் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிடுவதாக அறிவித்தன. 2011-இல் இரண்டும் அதை மீண்டும் கொண்டுவந்தபோது, சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

சென்ற ஆண்டு என் மகளுக்கு முடிவு வெளியானது நம் நேரப்படி அதிகாலை ஐந்தரை மணிக்கு. வாசலில் கோலம் பாதியில் நிற்க, அவள் அம்மா கையில் மாவுடனேயே ஓடி வந்தார். திரையில் இருந்ததோ ஏற்பும் அன்று, மறுப்பும் அன்று. ‘டெஃபர்’, அதாவது மார்ச் இறுதி வரை காத்திருக்க வேண்டும். பிற பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கெடு ஜனவரி முதல் வாரம். இடையே அரையாண்டுத் தேர்வு வேறு. அந்த இரு வாரங்களில் அவள் எழுதிய விண்ணப்பக் கட்டுரைகளை இப்போது படித்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

‘எர்லி டிசிஷன்’ ஒப்பந்தத்தில் மாணவர், பெற்றோருடன் பள்ளி ஆலோசகரும் கையெழுத்திடுகிறார். அவர் அதற்கு முன் பெற்றோரை அழைத்து நிபந்தனைகளை விளக்குவதையும், மற்ற விண்ணப்பங்களை நவம்பருக்குள் எழுதி முடிக்கச் செய்வதையும் பள்ளிகள் வழக்கமாக்க வேண்டும்.

ஒரு தந்தை,
மதுரை.