வண்டி நன்றாக ஓடுகிறது, அப்பா

வின்னிபெக், கனடா,
தை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்கள், அம்மா, தங்கச்சி, உங்கள் மருமகள், பாப்பா எல்லோரும் நலம்தானே. உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசினால் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள், அப்புறம் அம்மா வாங்கி "சாப்பிட்டியா" என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பின்னால் திண்ணையில் நீங்கள் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரியும். எழுதிய நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் வண்டியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். படித்தபோது டாக்ஸி ஸ்டாண்டில் உங்கள் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது.

2005 மாடல் டொயோட்டா காம்ரி கார். பெட்ரோல், நாலு சிலிண்டர், 2.4 லிட்டர். டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை. எனக்கு முன்னால் இரண்டு பேரிடம் இருந்திருக்கிறது. புரட்டாசியில் வாங்கும்போது 2,31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, விலை 3,600 டாலர். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியேதான் பார்த்தேன். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, காலையில் போய் முதலில் பானட்டில் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஆயில் மூடியைத் திருப்பி, மோர் மாதிரி வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஸ்டார்ட் ஆனதும் பின்னால் போய் நின்றேன், நீலப் புகை இல்லை. அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டேன். விற்றவருக்கு ஆச்சரியம். "மேலே பெயிண்ட்தான் பேசும், கீழே படுத்துப் பார்" என்று நீங்கள் சொல்வதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கீழே பார்த்தது நல்லதாகப் போயிற்று. இந்த ஊரில் வண்டியைக் கொல்வது ஓட்டமில்லை அப்பா, உப்புதான். பனி உருக ரோட்டில் உப்பைத் தூவுகிறார்கள். குளிர் ரொம்ப முற்றிவிட்டால் உப்பும் வேலை செய்யாது, மணல் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடியில் தெறித்துத் தெறித்து, என்ஜின் கல் மாதிரி இருக்கும்போதே உடம்பு துருப்பிடித்து உதிர்ந்துவிடும். இந்த வண்டியில் பின்சக்கர வளைவில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது, சைலன்சர் குழாயில் துரு இருக்கிறது. அடிச்சட்டம் மட்டும் கெட்டியாக இருக்கிறது, ஸ்பேனரால் தட்டித் தட்டிப் பார்த்தேன். கை மாறும் வண்டிக்குப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் இங்கே பதிவு செய்ய மாட்டார்கள். நம் ஊர் எஃப்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் விற்றவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன வாரம் பூஜ்யத்துக்குக் கீழே 31 டிகிரி. கதவு ரப்பர் உறைந்து ஒட்டிக்கொள்கிறது, இழுத்துத்தான் திறக்க வேண்டும். நான் விட்ட மூச்சு கண்ணாடியின் உள்பக்கம் பனியாகப் படிகிறது. இரவு முழுக்க நின்ற இடத்தில் டயர் தட்டையாக இறுகிவிடுவதால், முதல் அரை கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போகிற மாதிரி தடக் தடக் என்கிறது. நீங்கள் ஊற்றுகிற 20டபிள்யூ40 ஆயில் இங்கே கருப்பட்டிப் பாகாக நின்றுவிடும். நான் ஊற்றுவது 5டபிள்யூ30. ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிற கதையெல்லாம் இங்கே கிடையாது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது.

இங்கே எல்லா வண்டிக்கும் மூக்கில் ஒரு பிளக் தொங்கும். என்ஜின் பிளாக்கில் ஒரு ஹீட்டர், 400 வாட் அளவுக்கு இருக்கும், இரவில் கரண்டில் மாட்டிவைத்தால் கூலன்டைச் சூடாக வைத்திருக்கும். ஆபீஸ் பார்க்கிங்கில்கூட ஒவ்வொரு வண்டிக்கும் பிளக் பாயிண்ட் உண்டு. முதல் தடவை மாட்டும்போது நம் டீசல் அம்பாசிடர்தான் ஞாபகம் வந்தது. மார்கழி விடியலில் ஐயப்ப சாமிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன், என்ஜின் சூடேற சாவியை ஹீட்டர் நிலைக்குத் திருப்பி வைத்துவிட்டு என்னை இருபது வரை எண்ணச் சொல்வீர்களே. இப்போதும் சாவியைத் திருப்பும் முன் எண்ணிவிடுகிறேன். இந்த வண்டிக்கு அது தேவையே இல்லை.

மார்கழியில் ஒரு நாள் இரவு பிளக் பாயிண்டில் கரண்ட் போயிருந்தது, எனக்குத் தெரியவில்லை. காலையில் மைனஸ் 33. திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகியதோடு சரி. இந்தக் குளிரில் பேட்டரிக்குப் பாதி பலம்கூட இருப்பதில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாதான் கேபிளோடு வந்தார். அவருடைய தாத்தா காலத்தில் உக்ரைனிலிருந்து வந்த குடும்பம், இந்த ஊரில் அப்படி நிறையப் பேர். பேச்சு ரொம்பக் குறைவு. நான் பானட்டைத் திறந்தால் போதும், வந்து பக்கத்தில் நிற்பார், பத்து நிமிடம் பார்ப்பார், போய்விடுவார். அவருடைய கொட்டகையில் துணி போர்த்திய பழைய கார் ஒன்று நிற்கிறது. கோடையில் மட்டும்தான் வெளியே எடுப்பாராம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டார்ட் பண்ணாமல் அதில் ஏறி உட்கார்ந்து ரேடியோ கேட்பார். அவர் மனைவி இருந்தபோது இருவரும் அப்படித்தான் உட்காருவார்களாம். அன்றைக்கு வண்டி கிளம்பியதும் உள்ளே போய், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்றைத் தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். பெரோகி என்று பெயர். அம்மாவின் நாரத்தங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "குடும்பம் எப்போது வருகிறது?"

போன மாதம் முன்பக்கம் வலது சக்கரம் மட்டும் சூடாகி, கருகிய வாடை வந்தது. பிரேக் பேடை அழுத்துகிற காலிப்பர் நகர்வதற்கான 'பின்' கம்பி உப்பில் துருவேறி இறுகிவிட்டது. நான் போகிற ஒர்க்ஷாப்பில் கூலி மணிக்கு 120 டாலர். அதனால் ஒரு வெயில் நாளில் நானே கழற்றினேன். பின்னைச் சுரண்டி, துடைத்து, கிரீஸ் வைத்து, புது பேடு போட்டேன். விரல் மரத்துப் போகும்போதெல்லாம் வீட்டுக்குள் ஓடி, சுடுதண்ணீரில் வைத்துவிட்டு வந்தேன். சென்னை ஏர்போர்ட்டில் நீங்கள் என் பெட்டியில் திணித்த 14-15 ரிங் ஸ்பேனர் இருக்கிறதே, எதற்கு என்று அன்றைக்கு நான் சண்டை போட்டேன். ஆயில் டிரெய்ன் பிளக்குக்கு அதன் 14 கச்சிதமாக உட்காருகிறது.

8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறேன். புரட்டாசியிலிருந்து இரண்டு தடவை மாற்றியாயிற்று. ஆபீஸ் ஒன்பது கிலோமீட்டர்தான். ஊர் பெரிது அப்பா, சாயங்காலம் போய்வர நிறைய இடம் இருக்கிறது. வண்டியில் ஏறினால் வறுத்த கோழி வாசம் வருகிறது, பாப்பா வருவதற்குள் அதைப் போக்க வேண்டும். குளிர்கால டயர் நாலும் புதிது. டயருக்கு இங்கே அரசின் வாகனக் காப்பீட்டிலேயே கடன் தருகிறார்கள். மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டினால் போதும், பாரமே இல்லை.

ஒரு ஆளுக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று மேலவீட்டு மாமா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வண்டி எனக்காக வாங்கியது இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். பாப்பா உட்காரக் குழந்தைகளுக்கான கார் சீட் வாங்கிப் பின்னால் மாட்டிவிட்டேன். சம்பந்தி மாமா அங்கே ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னாராம், வேண்டாம். கனடா அரசின் பாதுகாப்பு முத்திரை உள்ள சீட்டைத்தான் இங்கே பயன்படுத்தலாம். மேலே ஒரு பட்டை இருக்கிறது, அதைச் சீட்டுக்குப் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டி இறுக்க வேண்டும். முழங்காலை ஊன்றி அழுத்தி இறுக்கினேன், அசையவில்லை. பெல்ட்டைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்புறம் அதற்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நாங்கள் பின்சீட்டில் நெருக்கி உட்காருவோமே, சாரல் உள்ளே அடிக்கும், அம்மா கண்ணாடியை ஏற்று ஏற்று என்று சத்தம் போடுவாள். வெளியே பனி கொட்டி கண்ணாடியெல்லாம் மூடிவிட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். தாத்தாதான், மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

சரி, அதை விடுங்கள். தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். பாவூர்சத்திரம் வரன் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முதலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அம்மாவை விட்டுக் கேட்டால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். கூட்டுறவு பாங்கில் இருக்கும் அம்மாவின் வளையலை மாசிக்குள் மீட்டுவிடலாம், கொஞ்சம் முன்னேபின்னே ஆனால் பங்குனி. இந்த மாதம் 30,000 அனுப்பியிருக்கிறேன். குறைவாக இருக்கிறதே என்று அம்மா கேட்டால் டயர் வாங்கினான் என்று சொல்லுங்கள். உங்கள் மருமகள் விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னை போகும்போது பாப்பாவை அலைக்கழிக்க வேண்டாம், அம்மாவிடமே இருக்கட்டும்.

இடது கண் புரையை இனியும் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் முடிகிறவரை ராத்திரி சவாரி வேண்டாம், புளியரை மலைப்பாதை வேண்டவே வேண்டாம். சாமிகள் எவ்வளவு கேட்டாலும் சரி.

அம்பாசிடரை எடைக்குப் போடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள் அப்பா. எஃப்சிக்கு என்ன ஆகுமோ அதை நான் அனுப்புகிறேன். அதுவரை வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணி, தெருமுனை வரை உருட்டி வந்தால் போதும். பாப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து இருபது எண்ணச் சொல்லுங்கள், பன்னிரண்டு வரை அவளுக்குத் தெரியும்.

அப்புறம், டிக்கியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் சாக்குத்துணியில் சுற்றி 16-17 ரிங் ஸ்பேனர் இருக்கும். மருமகள் கிளம்பும்போது அதைப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்