கல்லணை எப்படி நிரம்பும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை இதழில் 'கல்லணை டேம் நிரம்பியது, டெல்டா விவசாயிகள் மகிழ்ச்சி' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். மகிழ்ந்த விவசாயி எந்த ஊர்க்காரர் என்று சொன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பேராவூரணிப் பக்கம், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், அப்படி யாரும் இல்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல. டேம் தண்ணீரைத் தேக்கி வைப்பது. மேட்டூர் டேம், 120 அடி, 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. கல்லணையோ அனிகட், தேக்குவதற்காகக் கட்டியதல்ல. ஆற்றின் மட்டத்தைச் சற்று உயர்த்தித் தண்ணீரைத் திருப்பிவிடும், அவ்வளவுதான். கல்லணை காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுகிறது. இதில் நிரம்புவதற்கு என்ன இருக்கிறது? அனிகட் என்பதே நம் அணைக்கட்டுதான். வெள்ளைக்காரன் நம்மிடம் வாங்கிக்கொண்டு போன சொல். 'கிராண்ட் அனிகட்' என்று அவன் சரியாகத்தான் எழுதினான். தமிழில் இரண்டையும் அணை என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஒப்புக்கொள்கிறேன். தங்கள் நிருபர் அணை என்றே விட்டிருக்கலாம். ஆங்கிலம்தான் வேண்டுமென்றால் சரியான ஆங்கிலத்தைப் போட்டிருக்கலாம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். அன்று பயிர்க்கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனேன். மேசையில் தங்கள் நாளிதழ். "டேம் நிரம்பிவிட்டதே பெரியவரே, மூன்று மாதத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. கடனுக்கு என்ன அவசரம்? அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். கல்லணையில் தண்ணீர் பிரித்து விடும் முறை மாறினால் நாலே நாளில் எங்கள் வாய்க்கால் காய்ந்துவிடும் என்பதை அங்கே யாரிடம் சொல்ல?

சென்ற ஆண்டு 'வினாடிக்கு 2 டி.எம்.சி. திறப்பு' என்று போட்டீர்கள். அப்படித் திறந்திருந்தால் முழு மேட்டூரும் ஒரு நிமிடத்துக்குள் காலியாகியிருக்கும்; தங்கள் தஞ்சைப் பதிப்பு வங்கக் கடலில் மிதந்திருக்கும். அதற்கும் கடிதம் எழுதினேன். கடிதம் வரவேண்டிய இடத்தில் ராசிபலன் வந்தது. 2018-இல் கஜா புயலில் தென்னைகள் சாய்ந்தபோது, அரசு கொடுத்த நிவாரணத்தை நஷ்டஈடு என்றே மாதக்கணக்கில் எழுதினீர்கள். நஷ்டம் எவ்வளவு, ஈடு எவ்வளவு என்று என் தோப்புக்கு வந்து பார்த்தவர் எவரும் இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'கல்லணை தேக்கும் அணை அல்ல' என்று உள்பக்கத்தில் ஓர் ஓரமாக ஒரு வரி போடுங்கள். திங்கட்கிழமைக்குள் வந்தால் நல்லது. சங்கத்தில் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
பேராவூரணி வட்டம்.