கடைசிப் பத்து ஆட்டங்களில் பின்களம் ஏன் சரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து லீக் முடியும் தறுவாயில் ஓர் அணி கோல்களை வாங்கத் தொடங்கியதும், விளையாட்டுப் பக்கங்களில் பழி சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவே நிற்கும் தடுப்பாளர்) மீதும் கோல்கீப்பர் மீதும்தான் விழுகிறது. 'பொறுப்பில்லை', 'மனஉறுதி போய்விட்டது' என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. இது பெரும்பாலும் தவறான தீர்ப்பு. கோட்டை விடுவது பின்களம் என்றாலும், கோளாறு தொடங்குவது அதற்கு 40 மீட்டர் முன்னால்.

எதிரணியில் பந்து வைத்திருப்பவரை நெருக்க ஓடும் ஸ்ட்ரைக்கர் (முன்கள வீரர்) அரை விநாடி தாமதமாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு அது மூன்றரை மீட்டர். அந்த இடம் கிடைத்தால் போதும், பந்து வைத்திருப்பவர் தலைநிமிர்ந்து பார்த்து, நீளமாகப் போட்டுவிடுவார். பந்தின் மீது நெருக்கடி இருக்கும்போது பின்வரிசை மேலேறலாம். இல்லாதபோது இறங்கியே ஆகவேண்டும். பயிற்சி பசுமையாக இருக்கும் நாட்களில் இந்த முடிவை நால்வரும் ஒரே கணத்தில் எடுக்கிறார்கள். களைத்துப்போன அணியில் இருவர் ஏற, ஒருவர் இறங்க, நான்காமவர் பந்தைப் பார்த்தபடி நின்றுவிடுகிறார். ஆஃப்சைடு கோடு, அதாவது எதிரணியின் முன்கள வீரர் பந்து வரும் கணத்தில் தாண்டியிருக்கக் கூடாத எல்லை, இறங்கிய அந்த ஒருவர் நிற்கும் இடத்தில்தான் விழுகிறது.

முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே சுமார் 30, 35 மீட்டர் இருந்தால் அணி இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். நடுக்கள வீரர்கள் திரும்பி ஓடச் சுணங்கினால் அது 45 மீட்டரைத் தாண்டும். அந்த வெற்றிடத்தில் பந்தை வாங்கித் திரும்புகிறவரை எதிர்கொள்ள சென்டர் பேக் வெளியே வரவேண்டும். வந்தால் முதுகுக்குப் பின்னால் வழி திறக்கும். வராவிட்டால் தூரத்திலிருந்து ஷாட் வரும். எதைச் செய்தாலும் மறுநாள் திட்டு அவருக்குத்தான்.

இங்கிலாந்தின் 2022-23 பிரீமியர் லீக்கில் ஆர்சனலைப் பாருங்கள். மார்ச் 16 அன்று ஐரோப்பா லீக் ஆட்டத்தில் அதன் சென்டர் பேக் வில்லியம் சலிபா காயமடைந்தார். அதுவரை லீக்கில் 27 ஆட்டங்களில் 25 கோல் வாங்கிய அணி, மீதி 11 ஆட்டங்களில் 18 கோல் வாங்கியது. அந்த ஐரோப்பியப் போட்டியிலிருந்தும் அன்றே வெளியேறிவிட்டதால் ஆட்ட நெரிசல் உண்மையில் குறைந்தது. ஆகவே களைப்பை மட்டும் சொல்லி இதை விளக்க முடியாது. சலிபாவின் வேகம் இருந்ததால்தான் அந்த அணி நடுக்கோட்டுக்கு அருகே வரிசையை நிறுத்தியது. அவர் இல்லாதபோது வரிசை தயங்கியது, நடுக்களத்தின் பின்னால் இடம் விழுந்தது. ஏப்ரல் 16 அன்று வெஸ்ட் ஹாமுடன் 2-0 என முன்னிலையில் இருந்தபோது ஆர்சனலின் தாமஸ் பார்ட்டே நடுக்களத்தில் வெஸ்ட் ஹாமின் டெக்லன் ரைஸிடம் பந்தை இழந்தார். சில விநாடிகளில் பெனால்டி பகுதிக்குள் வெஸ்ட் ஹாமின் லூகாஸ் பகேட்டாவை ஆர்சனல் சென்டர் பேக் கேப்ரியல் வீழ்த்தினார். பெனால்டி கேப்ரியலின் கணக்கில் ஏறியது, பந்தை இழந்த இடம் வேறு. ஆட்டம் 2-2.

மறுபக்கம் அதே லீக்கில் 2015-16 லெஸ்டர் அணி. முதல் 19 ஆட்டங்களில் 25 கோல் வாங்கியவர்கள், பின்பாதி 19-ல் வாங்கியது 11 மட்டுமே. கேப்டன் வெஸ் மோர்கனுக்கு அப்போது 32 வயது. லீக்கில் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. ஐரோப்பியப் போட்டி கிடையாது, உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் ஜனவரிக்குள் வெளியேறிவிட்டார்கள். சீசனின் நீளத்தைவிட, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே எத்தனை நாள் கிடைக்கிறது என்பதே முக்கியம். தசையில் உள்ள கிளைகோஜன் (ஓடுவதற்கான சர்க்கரைச் சேமிப்பு) முழுதாகத் திரும்ப 48 முதல் 72 மணி நேரம் ஆகலாம். மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் என்றால் முதல் நாள் ஓய்வு, அடுத்த நாள் லேசான ஓட்டம், மூன்றாம் நாள் மறுபடி ஆட்டம். பின்வரிசை சேர்ந்து ஏறி இறங்கிப் பழக நாளே கிடையாது. உடல் களைப்பைவிட இந்த இழப்பு பெரிது என்பது என் கருத்து.

அதிகம் பேசப்படாத ஒன்று மாற்று வீரர் விதி. ஐந்து பேரை மாற்றலாம் என்றாலும் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் முன்களத்தையும் நடுக்களத்தையும்தான் மாற்றுகிறார்கள். சென்டர் பேக் 90 நிமிடமும் நிற்கிறார். 70-வது நிமிடத்தில் புதிதாக இறங்கும் விங்கரை (ஓரத்தில் ஆடும் முன்கள வீரர்), மார்ச் மாதத்துக்குள் மூவாயிரம் நிமிடம் ஆடிவிட்ட ஒருவர் துரத்தவேண்டியிருக்கிறது. ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) பிடித்துக்கொள்வதில் வியப்பென்ன? அதைத் தடுக்க உதவும் நார்டிக் பயிற்சியை (மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னால் சாய்ப்பது), கால் வலிக்கிறது என்று நடுப்பருவத்தில் கைவிடுவது பல அணிகளின் வழக்கம். கைவிடக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆட்டத்திலிருந்து மிகத் தள்ளியிருக்கும் நாளில், நாலைந்து முறை கொண்ட இரண்டு செட் போதும். கூடவே உச்ச வேகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இரண்டு மூன்று ஸ்பிரிண்ட் ஓடவைக்க வேண்டும். பயிற்சியில் முழு வேகத்தைத் தொடாத கால், ஆட்டத்தில் திடீரெனத் தொடும்போதுதான் கிழிகிறது.

மஞ்சள் அட்டையும் கணக்கில் வரும். பிரீமியர் லீக்கில் 32 ஆட்டங்களுக்குள் பத்து அட்டை சேர்ந்தால் இரண்டு ஆட்டத் தடை. ஒன்பதோடு நிற்பவர் நடுக்களத்தில் போடவேண்டிய சிறு ஃபவுலைப் போடமாட்டார். எதிர்த்தாக்குதல் அப்படியே உள்ளே வரும்.

கார்னர் கோல்கள் கூடுவதற்குக் காரணம் வேறு. முப்பது ஆட்டங்களின் வீடியோ எதிரணியிடம் இருக்கிறது. முதல் கம்பத்தருகே யார் நிற்கிறார், அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதெல்லாம் தெரிந்துபோயிருக்கும். ஒரே மண்டல அமைப்பை (ஆளைக் காக்காமல் அவரவர் இடத்தைக் காக்கும் முறை) ஆகஸ்டிலிருந்து மே வரை மாற்றாமல் வைத்திருப்பது அலட்சியம்.

அணிகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மூன்றாவது, நான்காவது சென்டர் பேக்குகளை இலையுதிர்காலத்திலேயே முதன்மை வீரர் ஒருவருடன் ஜோடியாக ஆடவிட வேண்டும். இருவரையும் சேர்த்து ஒரு கோப்பை ஆட்டத்தில் தள்ளிவிடுவதால் பழக்கம் வராது. ஓட முடியாத நாட்களிலும் பின்வரிசை நால்வரும் இரண்டு நடுக்கள வீரர்களும் நடந்தபடியே 15 நிமிடம் ஏறி இறங்கிப் பார்க்கலாம். பின்னாலிருந்து பயிற்சியாளர் பந்தை நகர்த்தி, 'நெருக்கடி உண்டு', 'இல்லை' என்று குரல் கொடுத்தால் போதும். தசைக்குச் செலவே இல்லை. கடைசி 20 நிமிடத்தில் முன்வரிசைக்குக் கால் இல்லையென்றால், பின்வரிசையை மட்டும் மேலே நிறுத்திவைக்காமல் மொத்த அணியையும் எட்டு, பத்து மீட்டர் இறக்கிவிட வேண்டும். வெற்றி கட்டாயம் என்ற நிலையிலும் தாக்குதலின்போது பந்துக்குப் பின்னால் குறைந்தது மூவர் இருக்கவேண்டும். இருவரை மட்டும் விட்டுவிட்டு இரண்டு ஃபுல் பேக்குகளையும் (பின்வரிசையின் ஓரத் தடுப்பாளர்கள்) ஏறவிடுவது, ஏப்ரல் மாதத்தில் கோல்களுக்கு வழிவிடுகிறது.

கோல் எண்ணிக்கை மட்டும் பார்த்துப் 'பின்களம் சரிந்தது' என்று எழுதிவிடக் கூடாது. ஷாட்டுகளின் எண்ணிக்கையும் தரமும் மாறாமல் கோல் மட்டும் கூடியிருந்தால் அது கோல்கீப்பரின் தடுமாற்றமாகவோ வெறும் துரதிர்ஷ்டமாகவோ இருக்கலாம். அந்த ஐந்தாறு ஆட்டங்களில் எதிரே யார் ஆடினார்கள் என்பதும் முக்கியம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் புள்ளிப்பட்டியலோடு, ஒவ்வோர் அணியும் கடைசி ஐந்து ஆட்டங்களில் பெனால்டி பகுதிக்குள்ளிருந்து வாங்கிய ஷாட்டுகள் எத்தனை, முந்தைய ஆட்டத்திலிருந்து கிடைத்த ஓய்வு எத்தனை நாள் என்ற இரண்டு பத்திகளைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்பந்துப் பயிற்சித் துறையிலிருந்து ஒரு வாசகர்