சுட்டுட்டா விஷம் போயிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சுரங்கக் கழிவுல செங்கல், டைல்ஸ் செய்றதப் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்ல விஷயம்தான், ஆனா சூளையில சுட்டுட்டா நச்செல்லாம் அடங்கிடும்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

கழிவுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும், அதுல மறுபேச்சு இல்ல. செப்புத் தாதுல பெரும்பாலும் 1 சதவீதம்கூட செம்பு தேறாது, மிச்சமெல்லாம் மாவா அரைச்ச கல்லு, தண்ணியோட கலந்து அணை கட்டித் தேக்கி வச்சிடுறாங்க. பிரேசில்ல புருமாடின்யோங்கற ஊர்ல 2019 ஜனவரியில இரும்புச் சுரங்கத்தோட அணை ஒண்ணு உடைஞ்சு 270 பேர் போயிட்டாங்க. அந்தச் சேறு செங்கல்லா மாறினா யாருக்கு கசக்கும்? ஏற்கெனவே பொடியா இருக்கு, அரைக்கிற கரண்டு மிச்சம், அதுல இருக்கற இரும்பே செவப்பு நிறத்தக் கொடுத்துடும்.

சூட்டுக்கு வருவோம். 1000 டிகிரிய தாண்டும்போது கலவையில ஒரு பங்கு கண்ணாடியா உருகி ஈயம், துத்தநாகத்த எல்லாம் உள்ள பூட்டிக்கும், உண்மைதான். ஆனா குரோமியம் கதை வேற, காத்து நல்லா போற சூளையில, அதுவும் சுண்ணாம்பு இருக்கற கலவைன்னா, சும்மா கெடந்த குரோமியம் ஆக்சிஜன் ஏறி, சுடறதுக்கு முன்னாடி இருந்தத விட ஈசியா தண்ணியில கரையுற நச்சு வடிவத்துக்கு மாறிடலாம். ஆர்செனிக்ல ஒரு பகுதி புகையோட வெளிய போயிடும். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) இருந்தா கந்தக வாயு கெளம்பும், அந்தச் செங்கல்ல உடைச்சுப் பாத்தா வெளிய செவப்பு, நடுவுல கன்னங்கரேல்னு உப்பிப்போய் இருக்கலாம். அலுமினியத்துக்கு மூலப்பொருளான அலுமினாவ எடுக்கற ஆலையில மிஞ்சற செஞ்சேத்துல கதிர்வீச்சு விடற யுரேனியம், தோரியம் கொஞ்சம் இருக்கும், அத எந்தச் சூளையும் ஒண்ணும் பண்ண முடியாது. (சூளை என்ன மந்திரவாதியா!)

அதனால முழுக் கல்ல தண்ணியில முக்கி எடுத்துட்டு பாஸ் போடறது பத்தாது. உடைச்சு சின்ன சின்ன துண்டாக்கி, அசிட்டிக் அமிலக் கரைசல்ல 18 மணி நேரம் சுத்தவிட்டு என்ன கசியுதுன்னு பாக்கணும். ஏன்னா எந்தச் செவுரும் ஒருநாள் இடிபடும், அந்தத் துண்டு மேல மழை பெய்யும். ஒரே கழிவுக் குட்டையிலயே மேல் அடுக்கு சேறு ஒரு மாதிரி, கீழ் அடுக்கு வேற மாதிரி இருக்கும், ஸோ ஒரு சாம்பிள் சர்டிபிகேட்ட வச்சு வருஷம் பூரா ஓட்ட முடியாது.

அடுத்த தடவ இதப் பத்தி எழுதும்போது எந்த பேட்ச், எந்த உலோகம், லிட்டருக்கு எத்தன மில்லிகிராம் கசிஞ்சுதுன்னு கேட்டு வாங்கி அந்த நம்பரையும் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்