பவல் ஸ்ட்ரீட் வரிசைய விட்டா வேற வழியே இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல வந்த சான் பிரான்சிஸ்கோ பயணக் கட்டுரை படிச்சேன், படமெல்லாம் பிரமாதம், ஆனா பவல் ஸ்ட்ரீட்ல போய் வரிசைல நின்னு, தெருவுல தண்டவாளத்து மேல ஓடற அந்த கேபிள் கார் ஏறுங்கன்னு சொன்னதோட முடிச்சிட்டாங்க. பொண்ணு அந்தப் பக்கம் இருக்கறதால நானும் வீட்டுக்காரரும் அங்க போய்ட்டு வர்றவங்கதான், அந்த வரிசை என்ன லட்சணம்னு எங்களுக்குத் தெரியும். லீவு சீசன்ல போனீங்கன்னா பாதி காலைப்பொழுது அதுலயே போயிடும், வயசானவங்களுக்கு முழங்கால் தாங்காது. பவல் ஸ்ட்ரீட்டுல வண்டிய ஒரு வட்டமான மேடைல ஏத்தி ஆளுங்க கையால தள்ளித் திருப்புவாங்க, அத வேடிக்கை பாக்கத்தான் அவ்ளோ கூட்டம். பாருங்க, வேணாங்கல. ஏற மட்டும் கலிஃபோர்னியா ஸ்ட்ரீட் லைனுக்கு வந்துடுங்க, அந்த வண்டி ரெண்டு பக்கமும் ஓட்டலாம், திருப்பவே வேணாம், கூட்டமும் கம்மி, சைனாடவுன் தாண்டி நாப் ஹில் மேல ஏறும்போது திரும்பிப் பாத்தா கடல் தெரியும்.

வண்டில மோட்டாரே கிடையாதுங்க. தெருவுக்கு அடியில இரும்புக் கயிறு ஓயாம ஓடிட்டே இருக்கு, மணிக்கு 15 கிலோமீட்டர் சுமாருக்கு, நடுவுல நிக்கற கிரிப்மேன் ஆளுயர லிவர இழுத்து அந்தக் கயிற கவ்விப் பிடிச்சா வண்டி நகரும், விட்டா அது பாட்டுக்கு உருளும். இறக்கத்துல மரக்கட்டை பிரேக்க தண்டவாளத்து மேல அழுத்துவாங்க, லேசா கருகின மர வாசனை வரும். 1873ல ஆண்ட்ரூ ஹாலிடிங்கறவரு ஆரம்பிச்சு வச்ச ஏற்பாடு இது. வாஷிங்டன் ஸ்ட்ரீட்டும் மேசன் ஸ்ட்ரீட்டும் சேர்ற இடத்துல மியூசியம் இருக்கு, டிக்கெட் கிடையாது, எல்லா லைனுக்கும் கயிறு சுத்தற பெரிய பெரிய சக்கரத்த கண்ணு முன்னாடியே பாக்கலாம், ஒரே இரைச்சல், வீட்டுக்காரர் அங்கருந்து கிளம்பவே மாட்டேன்னுட்டாரு.

1947ல மேயர் ரோஜர் லாப்ஹாம் இதெல்லாம் நஷ்டம், பஸ் விட்டுடலாம்னு பவல் லைன்கள மூடப் பாத்தாரு, ஃப்ரீடல் கிளஸ்மன்னு ஒரு அம்மா பொம்பளைங்கள எல்லாம் திரட்டி ஓட்டெடுப்புக்குக் கொண்டுபோய் ஜெயிச்சாங்க. இத ஒரு வரி கூட கட்டுரைல காணோமே, அதான் எனக்கு வருத்தம்.

இன்னொண்ணு, எஃப் லைன். இது கரண்ட் டிராம், தலைக்கு மேல கம்பி. மார்க்கெட் ஸ்ட்ரீட் வழியா வந்து ஃபெரி பில்டிங் தாண்டி ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் வரைக்கும் போகும், ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு ஊரு டிராமோட பெயிண்ட் அடிச்சிருக்காங்க, இத்தாலி மிலான்ல 1928ல செஞ்ச வண்டி கூட ஓடுது, மர பெஞ்சு, சும்மா பளபளன்னு இருக்கும். கேபிள் கார் ஒரு தடவை ஏற நாங்க போனப்போ 8 டாலர், இறங்கி மறுபடி ஏறினா மறுபடி காசு, எஃப் லைனுக்கோ சாதா பஸ் டிக்கெட்தான். ரெண்டுலயும் மாத்தி மாத்தி ஏறப்போறீங்கன்னா காலைலயே ஒரு நாள் பாஸ் வாங்கிடுங்க. பொண்ணு புள்ளைங்க வீட்டுக்குப் போற நம்ம ஊரு பெரியவங்க எத்தனையோ பேரு உங்க பேப்பர பாத்துதான் பிளான் போடறாங்க, அடுத்த தடவை எஃப் லைனுக்கும் ரெண்டு பத்தி ஒதுக்குங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி