பால்வாடி நோட்டு காய்ந்துவிட்டது

நம் தெருவுக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும் பால்வாடி டீச்சரின் வணக்கம்.

தைப்பூச லீவு என்பதால்தான் இன்று உட்கார்ந்து எழுத முடிகிறது. திங்கள்கிழமையிலிருந்து பிள்ளைகள் மறுபடியும் நம் சொந்தக் கட்டடத்தில் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள். சுவரில் 2015 வெள்ளத்தின் கோட்டுக்கு ஒரு சாண் கீழே 2023 டிசம்பர் வெள்ளத்தின் கோடு. வெள்ளையடித்தும் இரண்டும் தெரிகிறது. அந்த நாலு நாளைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. முடிச்சூரில் நீங்கள் எல்லோரும் அதே தண்ணீரில் நின்றவர்கள்தான்.

இந்த மடல் முக்கியமாக முனையில் நிற்கும் இஸ்திரி வண்டி அண்ணனுக்கு. அவருக்கு நேரில் நன்றி சொல்லிப் பார்த்தேன். "விடுங்க டீச்சர்" என்று பெட்டியைத் தூக்கி அடுத்த சட்டையில் வைத்துவிட்டார். அதனால் ஊருக்கே சொல்கிறேன்.

நம் லாங் சைஸ் நோட்டு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு விஜயதசமிக்கும் புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் 'அ' எழுதும். அப்புறம் அதே 'அ'வை நோட்டில் எழுதும். கீழே பேர், தேதி, கை பிடித்தவர் யார் என்று நான் எழுதி வைப்பேன். கை பிடித்தவர்: தாத்தா. கை பிடித்தவர்: பெரியம்மா. ஒரு பக்கத்தில், கை பிடித்தவர்: யாரும் இல்லை, அவளே எழுதினாள். 2013-இல் ஆரம்பித்தது. 2020-இல் மையம் மூடியிருந்தபோதுகூட முகக்கவசத்தோடு வீடு வீடாக நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது எட்டாவது படிக்கிறவர்கள் பொங்கலுக்கு வந்து தங்கள் பக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

பிள்ளைகளின் எடையும் உயரமும் போனில் செயலியில் ஏறிவிடுகிறது, அது எந்த வெள்ளத்திலும் போகாது. இந்த நோட்டு எந்தச் செயலியிலும் இல்லை. கீழ்த் தட்டில் வைத்திருந்தேன். என் தப்புதான்.

தண்ணீர் வடிந்த மறுநாள் காலை ஒரு அம்மா வந்தார். அவர் வீட்டில் இன்னும் சேறு வாரி முடியவில்லை. வந்ததும் கேட்டது, "டீச்சர், நோட்டு இருக்கா?" அவர் பிள்ளை நம்மோடு இப்போது இல்லை. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

நோட்டு இருந்தது, ஊறின ரொட்டி மாதிரி. காம்பவுண்டு சுவரில் விரித்துக் கல் வைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் தெருவைக் கடந்து வந்து பார்த்தார். "இப்படிக் காய வெச்சா அப்பளமாப் போயிடும். குடுங்க, தேய்ச்சுத் தர்றேன்" என்றார். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷமாக அந்த வண்டியைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறேன். ஒரு புடவைகூட அவரிடம் கொடுத்ததில்லை, வீட்டிலேயே தேய்த்துக்கொள்வேன்.

அந்த வாரம் அவர் வண்டியில் மூட்டை மூட்டையாக ஈரத்துணி. வெயில் இல்லாததால் காய வைப்பதற்கென்றே இஸ்திரிக்குக் கொடுத்தார்கள். கரியும் நனைந்து கிடந்தது. அதைத் தகரத்தில் பரப்பி உலர்த்திப் பற்ற வைத்தார். துணியெல்லாம் முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், கரி நீறு பூத்துச் சூடு தணிந்த பிறகுதான் நோட்டை எடுப்பார். முதல் நாள் "தையலைப் பிரிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டுதான் நூலை அறுத்தார். ஒட்டிக்கொண்ட பக்கங்களை, சட்டைக் காலருக்கு வைக்கும் அட்டையை நடுவில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். பெட்டியின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார். சொட்டு சீறித் தெறித்தால் இன்னும் பொறுக்கணும். மேலே ஒரு தந்தித் தாள், கீழே ஒரு தந்தித் தாள், நடுவில் நம் பிள்ளை.

பென்சிலில் எழுதிய பக்கங்கள் அப்படியே பிழைத்தன. ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது தண்ணீரிலேயே பூவாய்ப் பரவிவிட்டது. கிரேயானில்தான் விபத்து. முதல் கிரேயான் பக்கத்தைத் தேய்த்துத் தந்தித் தாளைத் தூக்கினால், மெழுகு உருகி 'அ' செய்தித்தாளுக்கு மாறியிருந்தது, கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் திரும்பி. அண்ணன் முகம் வெளிறிவிட்டது. நல்லவேளை, நோட்டிலும் மங்கலாகப் பாதி நின்றது. அதிலிருந்து கிரேயான் பக்கங்களை அவர் தேய்க்கவில்லை. வண்டிக்கு மேலே கயிறு கட்டி, கிளிப் மாட்டி, கரியின் அனலிலேயே உலர்த்தினார். இப்படி ஐந்து ராத்திரி. கூலி கேட்டேன். "பேப்பருக்கு என்ன ரேட்டுன்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

அந்த அம்மாவின் பக்கத்தை முதல் ராத்திரியே முடித்திருந்தார். நான் சொல்லவில்லை. காலையில் அந்த அம்மா வந்து நின்றதை எதிரிலிருந்து பார்த்திருக்கிறார்.

மற்றவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூன்று வாரம் ஹால் கொடுத்த சர்ச், தினமும் பால் கொண்டுவந்த மசூதித் தெருப் பையன்கள், சத்துமாவு மூட்டை ஊறிப்போனதும் வீட்டுக்கு ஒரு பாத்திரம் என்று கஞ்சி கொண்டுவந்த அம்மாக்கள், பிள்ளைகளை எடை போடத் தன் தராசைத் துடைத்துக் கொடுத்த பழைய பேப்பர் கடை அண்ணாச்சி, பிரித்த நோட்டைக் கோணி ஊசியால் மறுபடி தைத்துக் கொடுத்த டெய்லர் அக்கா, எல்லோருக்கும் நன்றி. சர்ச் ஹாலில் கிறிஸ்துமஸ் குடில் வைத்திருந்தார்கள். அதில் மூன்று ஆட்டுக்குட்டிகளை நம் பிள்ளைகள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மூன்றாவது யார் வீட்டில் மேய்கிறதோ, தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

நல்ல செய்தி ஒன்று. கார்த்திகையில் நின்றுபோன வளைகாப்பு நேற்று நடந்தது. நடுவில் மார்கழி வந்துவிட்டதால் தை வரை தள்ளிப் போட வேண்டியிருந்தது. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை சாதமும் அம்மாக்களே செய்தார்கள். ஏழு பேருக்கு வளையல் அடுக்கினோம். அதில் ஒருத்தி நாள் முந்திக்கொண்டதால் மடியில் பிள்ளையோடு வந்திருந்தாள். அவளுக்கும் அடுக்கினோம், பிள்ளைக்கு ஒரு கறுப்பு வளையல். "இவனுக்கு எப்ப டீச்சர் நோட்டு?" என்று கேட்டாள். பிறந்து பதினெட்டு நாள்!

நாளை குடியரசு தினம், எட்டரைக்குக் கொடி. மிட்டாய் உண்டு.

நோட்டு இப்போது மேல் தட்டில், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிட்டேன். வருகிற விஜயதசமியிலிருந்து நம் மையத்தில் பென்சில் மட்டும்தான். கிரேயான் கேட்டு எந்தப் பிள்ளை அழுதாலும் சரி, எந்தத் தாத்தா சிபாரிசுக்கு வந்தாலும் சரி.

நானும் போன வாரம் இரண்டு புடவை கொடுத்தேன். வாங்கப் போனபோதுதான் பார்த்தேன், அந்தத் தந்தித் தாளை அண்ணன் தூக்கிப் போடவில்லை. வண்டியின் கூரைக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். துணி கொடுக்கிறவர்கள் குனிந்து பார்த்தால் தெரியும், சிவப்புக் கிரேயானில் திரும்பி நிற்கும் ஒரு 'அ'.