மந்திரம் கற்ற பெண்ணைக் கனவாக்காதீர்கள்

தமிழ்ப் பதிப்பகங்களின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். என் தோழி எழுதிய நாவலை உங்களில் ஒருவர் சென்ற ஆண்டு திருப்பி அனுப்பினார். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்குத் தன்னிடம் மந்திர ஆற்றல் இருப்பது தெரியவருகிறது, கதை அதுதான். பெண்ணின் வயதைப் பன்னிரண்டாகக் குறைத்து, படம் போட்டுச் சிறுவர் நூலாக்கலாம் என்பது உங்கள் யோசனை. முடியாதென்றால் எல்லாமே கனவு என்று கடைசி அத்தியாயத்தில் சொல்லிவிடலாமாம். பெரியவர்கள் மாயாஜாலம் படிக்க மாட்டார்கள் என்று காரணம் வேறு.

எந்தப் பெரியவர்கள்? 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவை வீட்டில் பிள்ளைகளுக்கு முன்பே பிரித்தவர்கள்தானே? ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதியை யாரும் கனவு என்று சொல்லச் சொல்லவில்லை. அந்தக் கதைகளில் இளவரசியின் வேலை பெரும்பாலும் சிறையில் காத்திருப்பது. மந்திரம் அவள் கைக்கு வந்ததும்தான் உங்களுக்கு வயது வரம்பு நினைவுக்கு வருகிறதோ என்று சந்தேகப்படுகிறேன்.

சீத்தலைச் சாத்தனாருக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. மணிமேகலையைப் பௌத்தக் காப்பியமாகவும் அமுதசுரபிக் கதையாகவும் பாடத்தில் படித்து முடித்துவிட்டோம். ஒருமுறை மிகுபுனைவாக, அதாவது மாயாஜாலக் கதையாகப் படித்துப் பாருங்கள். தூக்கத்திலேயே மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுபோகப்படும் இளம்பெண், அங்கே தன் முற்பிறப்பை அறிகிறாள். தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது: வேற்றுருக் கொள்ள, வானில் செல்ல, பசியைத் தாங்க. மூன்றுக்கும் கதையில் வேலை இருக்கிறது. அரசி அவளைப் புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடும்போது பசி மந்திரம் காக்கிறது. அவளைக் கெடுக்க ஓர் இளைஞனை ஏவும்போது, ஆண் உருவம் எடுத்து நிற்கிறாள்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு முந்தியது. இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்ப, காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை மணிமேகலை எடுக்கிறாள். மனைவியைத் தேடி வந்த காயசண்டிகையின் கணவன், இளவரசன் அவளிடம் பேசுவதைப் பார்த்துத் தவறாக எண்ணுகிறான். அன்றிரவே இளவரசனை வாளால் வெட்டிவிடுகிறான். தற்காப்புக்கு எடுத்த உருவம் ஓர் உயிரை வாங்கிவிட்டது. மணிமேகலை அந்த வேடத்தைக் களைந்து, இறந்தவனுக்காக அழுகிறாள். மந்திரத்துக்கு விலை உண்டு என்பதை இதைவிட நறுக்கென்று சொன்ன நாவல் நான் படித்ததில்லை. தூணில் இருக்கும் பாவை பிறகு அவளிடம் சொல்வதையும் கவனியுங்கள்: நீ இளம்பெண் என்பதால் சமயவாதிகள் தங்கள் கொள்கையை உனக்குச் சொல்ல மாட்டார்கள், வேற்றுருக் கொண்டு போ. வஞ்சி நகருக்கு அவள் தவசி வேடத்தில்தான் போகிறாள். இதைச் சிறுவர் பகுதியில் எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

உங்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பனிக்கோட்டை, டிராகன், வாயில் நுழையாத பெயர்கள் என்று இரவல் சரக்கோடு வரும் பிரதிகள் ஏராளம். அவற்றைத் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். மற்றவற்றை எழுதியவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. இந்த ஆற்றலால் எது முடியாது? பயன்படுத்தினால் இவள் எதை இழக்கிறாள்? ஊரில் முதலில் யாருக்குத் தெரியவருகிறது, அம்மாவுக்கா, பக்கத்து வீட்டுக்கா? என் தோழியிடம் இவற்றில் ஒன்றையும் நீங்கள் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியவரும் அத்தியாயம்தான் அந்த நாவலிலேயே சிறந்தது. அதுவரை படித்தீர்களா என்பதே எனக்கு ஐயம்.

பெண்ணின் வயதையும் நாவலின் முடிவையும் மாற்றாமல் என் தோழி மறுபடி அனுப்பப் போகிறாள். ஜனவரிப் புத்தகக் காட்சி அவசரத்தில் புரட்டாமல், அது முடிந்தபின் எடுத்துப் படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் எந்தப் பக்கத்தில் சலித்தது என்று எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களைக் காசு கொடுத்து வாங்கும் வாசகி